மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே

செம்மேட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு நிலம் செத்தது. அதைக் கொன்றவர்களில் நானும் ஒருவன். அன்றைக்குப் பச்சை டீ-ஷர்ட் போட்டிருந்தேன். முதுகில் கம்பெனி பெயரும் நெஞ்சில் ஒரு மரமும் அச்சடித்திருந்தார்கள்.

பெங்களூரில் நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம் வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை எங்களை எங்காவது மரம் நட அழைத்துப் போகும். அந்த வருஷம் கொல்லிமலை. நான் நாமக்கல் பக்கத்துக்காரன் என்பதால் இடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப்பேர் வாந்தி எடுத்து, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன்னால் போட்டோ எடுத்து, முடவாட்டுக்கால் சூப் குடித்துவிட்டு நிலத்துக்குப் போனோம். ஏறத்தாழ அரை ஏக்கர். வயலுக்கு மேலே, பாறைச் சரிவுக்குக் கீழே, மரமே இல்லாமல் கிடந்தது. கோரையும் புல்லும், இடையிடையே கால் வைத்தால் விரல்கள் அமிழும் பாசி மெத்தையும். “காலி இடம்” என்று நான்தான் மின்னஞ்சலில் எழுதியிருந்தேன்.

முந்நூறு கன்றுகள். யூகலிப்டஸ் இல்லை, சில்வர் ஓக் இல்லை. வேம்பு, புங்கன், வேங்கை. எல்லாம் நாட்டு மரம்தான், அதில் எங்களுக்குத் தனிப் பெருமை. ஆனால் குழி தோண்டத் தோண்ட அடியிலிருந்து தண்ணீர் ஊறி நிரம்பியது. கூலிக்கு வந்திருந்த மலையாளி இனத்துப் பெரியவர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “இது ஓதம் புடிச்ச பூமிங்க தம்பி. இதுல மரம் நிக்காதுங்க.” நான் பொறியாளன். பிரச்சினை என்றால் தீர்வு. “ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி விட்டுட்டா தண்ணி வடிஞ்சிடும்ல ஐயா?” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கூலி கொடுப்பவன் சொல்கிறான். வெட்டினார்கள்.

இரண்டு மழைக்காலம் கழித்துப் போனேன். மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. பாசி இல்லை, கோரை இல்லை. உண்ணிச்செடி ஏறியிருந்தது. கன்றுகளில் முப்பதோ நாற்பதோ பிழைத்திருந்தன. அதே பெரியவர் மரியாதையாகச் சொன்னார்: “நீங்க நட்டதுல கொஞ்சம் நல்லாத்தாங்க வந்திருக்குது. கீழ வயலுக்குச் சித்திரை வரைக்கும் கசிஞ்சுக்கிட்டிருந்த தண்ணிதான், இந்த வருசம் மாசியிலயே நின்னு போச்சுங்க.” மேலே போட்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் அந்த வாய்க்காலை வெட்டச் சொன்னது நான்.

இந்தக் கட்டுரை அந்த வாய்க்காலைப் பற்றியது. அதை என்னை வெட்டச் சொல்லிக்கொடுத்த மூன்று மூடநம்பிக்கைகளோடு சண்டை போடுவதற்காக எழுதுகிறேன்: காடு என்றால் மரம், திணை என்றால் சூழலியல், சின்னது என்றால் இல்லாதது.

1

முதலில் பெயர்ப் பிரச்சினை. தமிழில் கிணற்றில் மிதப்பதும் பாசி, குளத்தில் நூலாக நீள்வதும் பாசி, கல்லில் வெல்வெட்டாகப் படர்வதும் பாசி, கழுத்தில் கோப்பதும் பாசி. பள்ளிப் பாடப்புத்தகம் இதில் ஒன்றைப் பிரித்து “மாஸ்” என்று சொல்லிக்கொடுத்தது. ஃபியூனேரியா படம் வரைந்து பாகம் குறித்து இரண்டு மார்க் வாங்கினோம். அதற்கப்புறம் மாஸ் என்றால் நமக்கு இன்ட்ரோ சீன்தான்.

இந்த மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் உண்டு, அவ்வளவுதான். பெரும்பாலான மாஸ்களின் இலை ஒற்றைச் செல் தடிமன். மரம் பத்து அடிக்குக் கீழே வேரை இறக்கித் தனக்கு வேண்டிய நீரைத் தேடிக்கொள்ளும். மாஸுக்கு அந்த வசதி இல்லை. தன்னைத் தொடும் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதுதான் அதன் சாப்பாடு, அதுதான் அதன் விஷம். அமிலமா காரமா, சுண்ணாம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, கோடையில் நீர்மட்டம் எத்தனை விரற்கடை இறங்கும் என்பதெல்லாம் அதன் உடம்பில் நேரடியாக எழுதப்படும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்த அளவீடு என்று அதைச் சொல்லலாம். சென்சார் மாட்டி லாக் எடுக்கிறோமே, அந்த மாதிரி. நாங்கள் அந்த லாக் ஃபைலை அழித்துவிட்டு வேம்பு நட்டோம்.

சதுப்பில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று மழையை மட்டுமே நம்பி வாழ்வது. அதன் தண்ணீர் புளிப்பு, சத்து குறைவு. ஸ்பேக்னம் என்ற மாஸ் அங்கே ராஜா. தன் உலர் எடையைப் போல் சுமார் 20 மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள நீரைத் தானே மேலும் அமிலமாக்கிக்கொள்ளும். இன்னொன்று நிலத்தடியிலிருந்து கசியும் ஊற்றை நம்பி வாழ்வது. பாறை வழியாக வந்த தண்ணீர் அந்தப் பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும். இதை ஊற்றுச் சதுப்பு என்று வைத்துக்கொள்வோம். உலகத்தின் அரிய மாஸ்கள் பலவும் இந்த இரண்டாம் ஜாதியில்தான் இருக்கின்றன. முதலில் அழிந்துகொண்டிருப்பதும் அதுதான். காரணம் எளிது: ஊற்று இருக்கும் இடத்தில் மனிதனுக்கும் வேலை இருக்கிறது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஹோம் ஃபென் என்று ஓர் இடம். அங்கே நீரை வடித்து விவசாய நிலமாக்கியபோது, 1851 வாக்கில், ஒரு இரும்புத் தூணை அதன் தலை தரைமட்டத்துக்கு இருக்கும்படி மண்ணில் இறக்கினார்கள். இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் வளரவில்லை. தண்ணீர் போனதும் கரிமண் சுருங்கி, காற்றுப்பட்டு மக்கி, நிலம் கீழே இறங்கிவிட்டது. வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது. எங்கள் அரை ஏக்கரில் தூண் நடவில்லை, அவ்வளவுதான்.

2

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். “சரி, அரிய பாசிக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள், அதைக் காப்பாற்றிவிடலாம்” என்பது அடுத்த பொறியாளனின் குரல். என் குரல்தான். அந்தப் பட்டியலும் ஒரு பொறி.

ஹமாடோகாலிஸ் வெர்னிகோஸஸ் என்று ஒரு மாஸ். ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் கொண்டுவந்த வாழிடச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் பெயர் உள்ள சில மாஸ்களில் ஒன்று. அது வாழும் இடத்தைத் தனிப் பாதுகாப்புப் பகுதியாக்க வேண்டும் என்று பொருள். வேல்ஸில் அது மலைச்சரிவின் ஊற்றுக் கசிவுகளில் இருக்கிறது. நெதர்லாந்திலோ மலையே கிடையாது. பழங்காலத்தில் கரிமண் தோண்டிய குட்டைகளின்மேல் மிதக்கும் ஆடும் சதுப்பில் இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவில் பரந்த ஊற்றுச் சதுப்புகளில். ஒரே செடி, மூன்று முகவரி. வேல்ஸ் பட்டியலை எடுத்துக்கொண்டு நெதர்லாந்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

ஏன் இப்படி? ஒரு செடி எங்கே இருக்கிறது என்பது அதன் விருப்பத்தை மட்டும் காட்டுவதில்லை. அந்த ஊரில் மிச்சமிருக்கும் வாய்ப்பையும் காட்டுகிறது. சுண்ணாம்புப் பாறை நிறைந்த ஊரில் அது சுண்ணாம்பு குறைந்த ஓரத்தில் ஒண்டியிருக்கும். அமிலப் பாறை ஊரில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதலாக உள்ள ஊற்றில் இருக்கும். இரண்டு ஊர்க்காரர்களும் தத்தம் ஊரைப் பார்த்து எதிரெதிர் விதி எழுதுவார்கள், இரண்டும் அந்தந்த ஊருக்குச் சரி. குளிர்ந்த வடக்கில் ஊற்றை விட்டுத் தள்ளியும் பிழைக்கும் மாஸ், வெப்பமான தெற்கில் கோடையிலும் வற்றாத ஊற்றுக்கண்ணை விட்டு நகராது. உரமும் சாக்கடையும் கலக்கும் ஊரில், பாஸ்பேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இரும்பு நிறைந்த நீரில் மட்டும் தப்பிப் பிழைக்கும். இல்லாவிட்டால் வேகமாக வளரும் புல் அதை மூடிவிடும்.

இதற்கும் மேலே ஒரு சிக்கல். 2007இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹெடனாஸும் எல்டனாஸும் இந்த மாஸின் மரபணுவைப் பார்த்தபோது, ஒரே பெயருக்குள் இரண்டு தனித் தனிப் பரம்பரைகள் ஒளிந்திருப்பது தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றுதான், பரவியிருக்கும் எல்லையும் வாழிடமும் வேறு. அதாவது இத்தனை வருஷம் “இந்த இனத்துக்கு இது பிடிக்கும்” என்று எழுதியதெல்லாம் இரண்டு பேரின் விருப்பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்த சராசரி. சராசரியில் யாரும் வாழ்வதில்லை.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. “என் மெஷின்ல ஓடுதே.” ஒரு சர்வரில் வேலை செய்யும் கான்ஃபிக் ஃபைலை அப்படியே இன்னொன்றில் ஒட்டிவிட்டு, அது சாய்ந்ததும் சர்வரைத் திட்டுவோம். நம் இயற்கைப் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த ஒட்டுவேலைதான்.

கொல்லிமலைக்கு ஐரோப்பியப் பட்டியல் வேண்டாம், நீலகிரிப் பட்டியல் போதுமே என்பீர்கள். அதுவும் வேண்டாம். நீலகிரியில் உயரமான பள்ளத்தாக்குகளில் கரிமண் படிந்திருக்கிறது. அதன் கார்பனைப் படித்துத்தான் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் 20,000 வருஷத் தட்பவெப்ப வரலாற்றை எழுதினார்கள். அந்தக் கரிமண் பெரும்பாலும் புல்லும் கோரையும் மக்கியது. ஐரோப்பாவில்போல மாஸ் குவிந்தது இல்லை. அங்கே 2,000 மீட்டருக்கு மேல் உறைபனி விழும். கொல்லிமலையின் மேட்டுநிலம் அதில் ஏறத்தாழ பாதி உயரம்தான். பழநி மலைக்கு ஷெண்பகனூரில் இருந்த ஜெசூட் பாதிரியார் ஃபோரோ வாழ்நாள் உழைப்பைக் கொடுத்து, 1961இல் அந்த மலையின் மாஸ் தொகுப்பை வெளியிட்டார். அது பழநி மலையின் கணக்கு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் கணக்கு வேறு. கொல்லிமலையின் அடிப்பாறை சார்னோக்கைட். சுண்ணாம்பு அதிகம் தராது. சில உச்சிகளில் பாக்சைட் தொப்பி. நுண்துளைகள் நிறைந்த அந்தத் தொப்பி மழையைக் குடித்து, மெதுவாகச் சரிவில் விடும். அந்தக் கசிவுக்குக் கீழே வயல். வயலுக்கும் பாறைக்கும் நடுவில் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு ஈரப் பட்டை. கொல்லிமலையின் ஊற்றுச் சதுப்பு அதுதான். அதற்கான விதியை அங்கே உட்கார்ந்துதான் எழுத முடியும்.

3

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன். இணையத்தில் மாதம் ஒருமுறையாவது ஒரு பதிவு சுற்றும்: உலகத்துக்குச் சூழலியலைக் கற்றுக்கொடுத்தவன் தமிழன், ஐந்திணையைப் பார், ஒவ்வொரு நிலத்துக்கும் மரம், பறவை, விலங்கு என்று அப்போதே பிரித்துவைத்தான். கீழே ஆயிரம் இதயங்கள். ஒருகாலத்தில் அந்த இதயங்களில் என்னுடையதும் ஒன்று.

திணை மகத்தான கவிதைக் கோட்பாடு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது நிலத்தின் கணக்கெடுப்பு அல்ல. மனித மனத்தின் ஐந்து நிலைகளுக்கு நிலத்திலிருந்து எடுத்த ஐந்து மேடைகள். மேடைக்குத் தேவையானது மட்டும் உள்ளே வரும். மலை முழுவதும் குறிஞ்சி. அந்தக் குறிஞ்சிக்குள்ளே பாறை, சோலை, புல்வெளி, ஊற்றுக்கால் என்று எத்தனை நிலங்கள் இருக்கின்றன என்பது புணர்ச்சிக்கும் பிரிவுக்கும் தேவையில்லாத விவரம்.

பாசியே வராமல் இல்லை. குறுந்தொகையில் பரணர் பாட்டு ஒன்று உண்டு. காதலன் தொட்டால் விலகி, விட்டால் மீண்டும் படரும் பசலைக்கு ஊர்க்கேணிப் பாசி உவமை. அற்புதமான கவனிப்பு. ஆனால் அது தண்ணீர்மேல் மிதக்கும் பாசி, நான் சொல்லும் மாஸ் அல்ல. அதுவும் பெண்ணின் நோய்க்கு உவமையாகத்தான் வருகிறது. இரண்டாயிரம் வருஷம் கழித்து நாம் என்ன முன்னேறியிருக்கிறோம்? நம் சிறுகதைகளில் “பாசி படர்ந்த சுவர்” என்றால் வீடு பாழ். “பாசி படிந்த நினைவு” என்றால் மனசு பாழ். கவிதை எழுதுகிற நண்பர்களே, பாசி படர்ந்தால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்று பொருள். காற்று ஓரளவு சுத்தமாக இருக்கிறது என்று பொருள். உயிருள்ள ஒன்றை நாம் சிதைவின் குறியீடாக எழுதி எழுதி, அதைச் சுரண்டித் துடைப்பது ஒரு நல்ல காரியம்போல ஆகிவிட்டது.

திணைப் பெருமை ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான். தெரிந்துவிட்டது என்ற உணர்வைக் கொடுத்து, குனிந்து பார்க்கும் வேலையைத் தவிர்த்துவிடுகிறது. கொல்லிப்பாவையையும் ஓரியையும் மேற்கோள் காட்டத் தெரிந்த நான், காலுக்குக் கீழே அமிழ்ந்த நிலத்தைக் “காலி இடம்” என்று எழுதினேன். “ஓதம் புடிச்ச பூமி” என்ற மூன்று சொல்லில் அதன் வாழிடத்தைச் சரியாகச் சொன்னவர் திணையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

4

அரசைத் திட்டாமல் முடித்தால் கட்டுரை முழுமையாகாது. ஆனால் திட்டுவதைத் துல்லியமாகச் செய்வோம்.

இந்திய விண்வெளித் துறையின் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தயாரித்த தேசியச் சதுப்பு நில வரைபடம் 2011இல் வந்தது. நாடு முழுவதும் 7,57,060 சதுப்பு நிலங்கள். பெரிய வேலை, மரியாதைக்குரிய வேலை. வரைபடத்தின் அளவு 1:50,000. எல்லை வரைந்து காட்டத் தகுந்த குறைந்தபட்சப் பரப்பு 2.25 ஹெக்டேர். அதற்குக் கீழே உள்ளவை வெறும் புள்ளி. எத்தனை புள்ளிகள்? 5,55,557. நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு.

இந்த 2.25 எங்கிருந்து வந்தது? 150 மீட்டருக்கு 150 மீட்டர். அந்த வரைபடத்தில் அது மூன்று மில்லிமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர். அதாவது இது சூழலியல் சொன்ன எண் அல்ல, காகிதம் சொன்ன எண். வரைபடத்துக்கு அது நியாயமான எண்தான். எங்காவது கோடு போட்டாக வேண்டும். ஆனால் 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சதுப்புகளைக் காக்க உத்தரவிட்டபோது, காக்கச் சொன்னது 2,01,503 சதுப்புகளை. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றை. வரைபடக்காரரின் பேனா முனை நீதியின் எல்லையாகிவிட்டது. எங்கள் அணியில் யாரோ டெஸ்டுக்காகப் போட்ட எண் ஐந்து வருஷம் கழித்து வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதுதான்.

அதே வருஷம் வந்த சதுப்பு நில விதிகளில் நெல்வயல் கிடையாது, குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதன் கட்டிய நீர்நிலைகள் கிடையாது. அறிவிக்கை செய்யப்பட்டால்தான் பாதுகாப்பு. கொல்லிமலையின் ஈரப் பட்டை வயலின் தலைமாட்டில் இருக்கிறது. யாராவது தொட்டி கட்டினால் அன்றோடு அது “குடிநீர்த் திட்டம்”. வரைபடத்தில் எங்கள் அரை ஏக்கர் ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

இதன்மேல் மரம் நடும் ஆவேசத்தை வைத்துப்பாருங்கள். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் புல்வெளியையும் சதுப்பையும் “வெறும் நிலம்” என்று பார்த்து யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டான். இன்று அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டிருக்கிறது. நாம் பாடம் கற்றதாகச் சொல்லிக்கொண்டு என்ன செய்கிறோம்? மரத்தின் பெயரை மாற்றியிருக்கிறோம். யூகலிப்டஸுக்குப் பதில் வேம்பு. குழியும் வாய்க்காலும் அப்படியே இருக்கின்றன. சதுப்பைப் பொறுத்தவரை தன்னை வடிக்கும் கைக்குத் தாய்மொழி எது என்பது முக்கியமில்லை.

5

எதிர்வாதம் எனக்குத் தெரியும். வீட்டிலேயே கேட்டார்கள். “ஏன்டா, மலையில இருக்கிறவனுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, பஸ் வசதி இல்ல. உனக்குப் பாசி ஒரு கேடா?” என்றாள் அம்மா. நியாயமான கேள்வி. வார இறுதியில் வந்து, பாசியை மேக்ரோ லென்ஸில் எடுத்து, மலைமக்களைப் பார்த்து “தொடாதே” என்று சொல்லும் கூட்டத்தில் நானும் சேர்ந்தால் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் வாய்க்காலை மலைமக்கள் வெட்டவில்லை. வெட்ட வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். மாசியில் தண்ணீர் நின்றது என் வயலில் அல்ல. பாசியா சோறா என்ற கேள்வியே சமவெளியிலிருந்து போன கேள்வி. அந்த அரை ஏக்கரில் பாசியும் சோறும் ஒரே ஊற்றைக் குடித்தன. பாசி தண்ணீரை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இன்னொரு மூடநம்பிக்கை. வருஷம் முழுக்கத் தண்ணீர் அசையாமல் நிற்கும் இடம் எது என்று அது காட்டிக்கொண்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றார். படிக்கத் தெரியாதவனிடம் பட்ஜெட் இருந்தது.

சின்ன இடத்தைச் சட்டத்தால் பார்க்க முடியாது என்பதும் உண்மையில்லை. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் 4.97 ஹெக்டேர் கோயில்காட்டை 2025இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஐந்து ஹெக்டேருக்கு இறங்கி வர முடிந்தவர்களால் அரை ஏக்கருக்கும் இறங்க முடியும். 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். அதில் பெரும்பாலும் மரமும் மூலிகையும் நெல்லும்தான் ஏறும். ஊற்று ஏறட்டும். எந்தச் சரிவில், எந்த மாதம் வரை கசிகிறது, உள்ளூரில் அதற்கு என்ன பெயர், கீழே எத்தனை வயல் அதைக் குடிக்கிறது. அறிவியல் பெயர் அப்புறம் வரட்டும். கொல்லிமலையில் பதினான்கு நாடுகள். ஒவ்வொரு நாட்டிலும் ஊற்றின் கணக்கை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிவு செய்யும் கூலி அவர்களுக்குப் போகட்டும். வழிகாட்டிக்கூட்டிப் போனவர் என்று அடிக்குறிப்பில் அல்ல, ஆசிரியர் என்று முதல் பக்கத்தில் பெயர் வரட்டும்.

இதைப் படிக்கும் உங்களிடம் கேட்பது மூன்றுதான். அடுத்த முறை கம்பெனியோ கல்லூரியோ மரம் நட அழைத்தால், குழியில் தண்ணீர் ஊறுகிறதா என்று பாருங்கள். ஊறினால் மூடிவிட்டுத் திரும்பி வாருங்கள். கோடையில் மலைக்குப் போனால் அருவியை விட்டுவிட்டு வயலின் தலைமாட்டைப் பாருங்கள். இடத்தை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். கடைசியாக, உங்கள் கதையில் ஒரு வீட்டைப் பாழாக்க வேண்டுமென்றால் பாசியை விட்டுவிட்டு வேறு எதையாவது படர விடுங்கள்.

போன வைகாசியில் செம்மேட்டுக்குப் போய் அந்த வாய்க்காலின் வாயில் கல்லும் களிமண்ணும் போட்டு அடைத்தோம். பெரியவர்தான் எங்கே அடைக்க வேண்டும் என்று காட்டினார். பிழைத்திருந்த வேப்பங்கன்றுகளை என்ன செய்வது என்று கேட்டேன். “தண்ணி நின்னா அதுவே போயிரும்ங்க, நாம ஒண்ணும் பண்ண வேணாம்” என்றார். கோரை வந்துவிட்டதாகப் போனில் சொல்கிறார். பாசி இன்னும் வரவில்லை. இறுகிப்போன மண் மறுபடி தண்ணீர் குடிக்கப் பழக எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டதற்கு, “நீங்க அவசரப்படாம இருந்தா வந்துரும்ங்க தம்பி” என்றார்.